உங்கள் வீடியோ வேறொருவர் சேனலில் ஓடுகிறதா? நீக்க வைப்பதற்கு ஒரு வழிகாட்டி

ஈரோடு மாவட்டத்தில் இருந்துகொண்டு வள்ளிக்கும்மி அரங்கேற்றம், அண்ணன்மார் கதை உடுக்கைப்பாட்டு, கண்ணபுரம் மாட்டுச்சந்தை என்று படம்பிடித்து யூடியூபில் வெளியிடுவது என் பிழைப்பு. அந்த வீடியோக்களை அப்படியே இறக்கி, மூலையில் இருக்கும் என் பெயரை ஒரு பட்டையால் மறைத்து, தங்கள் சேனலில் ஏற்றிக் காசு பார்ப்பது வேறு சிலரின் பிழைப்பு. அவர்களைத் தொலைபேசியில் அழைத்து மன்றாடினாலும் பயனில்லை, கமெண்டில் சண்டை போட்டாலும் பயனில்லை. முறையாக எழுதிய புகாருக்கு மட்டுமே பலன் கிடைக்கிறது. அந்த முறையை ஆங்கில உதவிப் பக்கங்களில் முட்டி மோதித்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். யூடியூபோ பேஸ்புக்கோ உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசாது. யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்காது. படிவம் முழுமையாக இருக்கிறதா, இணைப்பு சரியா, உரிமையாளர் யார் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்கும். ஆகவே கோபத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு ஆவணங்களில் இருந்து தொடங்குங்கள்.

1. உரிமை உங்களுடையதுதானா?

கேமரா என்னுடையது, இரவெல்லாம் நின்ற கால் என்னுடையது, ஆகவே வீடியோவும் என்னுடையது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் நிலைமை இதுதான். விழாக்குழு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன கும்பாபிஷேக வீடியோவுக்கு விழாக்குழுதான் உரிமையாளர். ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வேலை செய்தபோது எடுத்தது என்றால் முதலாளி உரிமையாளர்.

இதற்கு மருந்து எளியது. முன்பணம் வாங்கும்போதே, 'இந்தப் பதிவின் பதிப்புரிமை படம்பிடிப்பவருக்கே உரியது. விழாக்குழு தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று ஒப்பந்தத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே எடுத்து முடித்த பதிவு என்றால் உரிமையை உங்களுக்கு மாற்றித் தரும் பத்திரம் வாங்குங்கள். அதில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூப் உலகம் முழுவதும் ஓடுவது. 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று மறக்காமல் எழுதிவையுங்கள். விழாக்குழு உரிமையைத் தரமாட்டோம் என்றால், அவர்கள் சார்பில் புகார் செய்ய உங்களுக்கு அதிகாரம் தரும் கடிதம் போதும்.

அடுத்து, எதன்மேல் உரிமை என்பது. வள்ளி கதையும் வழிவழியாக வரும் பழைய பாட்டும் யாருக்கும் தனிச் சொத்து அல்ல. கும்மி ஆசிரியர் புதிதாக எழுதிய வரிகள் அவருடையவை; அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் அந்த உரிமை நீடிக்கும். ஆடிப் பாடிய கலைஞர்களுக்குத் தனியாக நிகழ்த்துநர் உரிமை உண்டு, அது 50 ஆண்டு. உங்களுக்கு இருப்பது உங்கள் பதிவின்மேல் மட்டுமே. அதே அரங்கேற்றத்தை எதிர்ப்புறம் நின்று இன்னொருவர் தன் செல்போனில் எடுத்துப் போட்டிருந்தால், அதன்மேல் உங்களால் புகார் செய்ய முடியாது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அது அவருடைய பதிவு. ஆசிரியரிடமும் கலைக்குழுவிடமும் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால், 'ஆசிரியரே எனக்கு அனுமதி கொடுத்தார்' என்று மறுதரப்பு சொல்லும்போது உங்கள் கையில் பதில் இருக்கும்.

திருப்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. டி-ஷர்ட்டில் அச்சிட்ட வடிவமைப்பை இன்னொருவர் ஆன்லைன் கடையில் விற்கிறார் என்று பதிப்புரிமைப் புகார் கொடுக்கக் கிளம்புமுன் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தின்கீழ் பதிவு செய்யக்கூடிய வடிவமைப்பைப் பதிவு செய்யாமலேயே, அதைத் தாங்கிய பொருளை 50 தடவைக்குமேல் தொழில்முறையில் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின்மேல் பதிப்புரிமை போய்விடும். திருப்பூரில் 50 என்பது மாதிரித் துண்டுகளின் கணக்கு! தனிநபருக்கு டிசைன் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் சந்தைக்கு வருமுன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். சென்னிமலைப் பெட்ஷீட் நெய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கடையின் பெயரையோ லோகோவையோ திருடியிருந்தால் அது வணிகக்குறிப் புகார், அதற்குப் படிவமே வேறு.

2. புகாருக்கு முன் ஆதாரம்

புகார் போனதும் சிலர் வீடியோவைத் தாங்களே நீக்கிவிட்டு, 'நான் போடவே இல்லையே' என்பார்கள். அதனால் முதலில் பத்திரப்படுத்த வேண்டியவை:

– கேமராவில் இருந்து எடுத்த, வெட்டாத மூலக் கோப்புகள். மெமரி கார்டை அழிக்குமுன் இரண்டு இடங்களில் நகல் வையுங்கள்.
– நீங்கள் முதலில் வெளியிட்ட தேதி தெரியும் பக்கம்.
– திருட்டுப் பிரதியின் முழு இணைப்பு, சேனல் பெயர், ஏற்றிய தேதி, பார்வை எண்ணிக்கை ஆகியவை தெரியும்படி எடுத்த ஸ்கிரீன்ஷாட். முகவரிப் பட்டை தெரியாத ஸ்கிரீன்ஷாட்டால் பெரிய பயன் இல்லை.
– உங்கள் வீடியோவில் எந்த நிமிடம், அவருடையதில் எந்த நிமிடம் என்ற குறிப்பு.

விவகாரம் நீதிமன்றம் வரை போகும் என்று தோன்றினால், மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதிநியம் 2023இன் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த முறைப்படியே கோப்பைச் சேமித்துவிடுங்கள்.

பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. படைத்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது, தளங்களும் பதிவுச் சான்றைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. வேண்டுமென்றால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பாடநூல், கவிதை, ஓவியம் போன்றவற்றுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000, வீடியோவுக்கு 5,000. விண்ணப்பித்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. சான்று கைக்கு வர அதைவிட நீளும். ஒவ்வொரு கும்மி வீடியோவுக்கும் ஐந்தாயிரம் கட்டிக்கொண்டிருந்தால் தொழில் நடக்காது. அடிக்கடி திருடுபோகும் ஒன்றிரண்டுக்கு மட்டும் செய்யுங்கள்.

3. தனி மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள்

சின்ன வேலைதான், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். புகார் செய்தால் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் மறுதரப்புக்குப் போகும். வீட்டு முகவரியும் சொந்த எண்ணும் வெளியே போகாமல் இருக்கத் தொழிலுக்கென்று ஒரு மின்னஞ்சலும், கடை அல்லது ஸ்டூடியோ முகவரியும் பயன்படுத்துங்கள். படிவத்தில் சட்டப்பூர்வமான முழுப்பெயர் கேட்பார்கள். சேனல் பெயரையோ ஊர்க்காரர்கள் கூப்பிடும் பெயரையோ போட்டால் நிராகரிப்பார்கள்.

4. யூடியூப்

யூடியூப் ஸ்டூடியோவைக் கணினியில் திறந்து, பதிப்புரிமைப் பகுதிக்குள் சென்று, புதிய நீக்கல் கோரிக்கையைத் தொடங்குங்கள். கட்டணம் எதுவும் கிடையாது. உங்கள் மூல வீடியோவின் இணைப்பு, திருட்டு வீடியோவின் இணைப்பு, நிமிடக் குறிப்பு, உரிமையாளர் பெயர், முகவரி, உறுதிமொழிகள், கடைசியில் கையெழுத்தாக முழுப்பெயர்.

அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும். ஒன்று, உடனே நீக்கு. இன்னொன்று, ஏற்றியவருக்கு 7 நாள் அவகாசம் கொடு. அவகாசத்துக்குள் அவரே நீக்கிக்கொண்டால் அவர் சேனலுக்கு ஸ்ட்ரைக், அதாவது யூடியூபின் எச்சரிக்கைப் புள்ளி, விழாது. கலைக்குழுவில் ஆடும் பிள்ளைகளின் வீட்டார் ஆசையில் ஏற்றியிருந்தால் நான் ஏழு நாள் தேர்வைத்தான் போடுவேன். அதையே தொழிலாக வைத்திருக்கும் சேனலுக்கு அந்தத் தயவு எதற்கு? 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே மூடப்படும் என்பது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

நீக்கிய அதே வீடியோவின் நகல்கள் மீண்டும் ஏறாமல் தடுக்கும்படி கேட்கும் பெட்டி ஒன்றும் படிவத்தில் உண்டு. அதைக் குறியிட மறக்காதீர்கள். ஒரு கோரிக்கை முறையாக ஏற்கப்பட்டுவிட்டால், உங்கள் வீடியோவை முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ ஏற்றியவர்களைத் தானாகத் தேடிக் காட்டும் பொருத்தக் கருவியும் ஸ்டூடியோவில் திறந்துகொள்ளும். உங்களுக்குப் பிறகு ஏற்றியவர்களை மட்டுமே அது காட்டும். நீங்கள் முந்தி ஏற்றாவிட்டால் பிடிபட மாட்டார்கள். இரவு அரங்கேற்றம் முடிந்தால், அலுப்பைப் பாராமல் ஏற்றிவிடுவது நல்லது.

கன்டென்ட் ஐடி என்பது இதிலிருந்து வேறுபட்டது. அது பெரிய இசை நிறுவனங்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் கொடுக்கப்பட்ட தானியங்கி ஏற்பாடு. நம்மைப் போன்றவர்களுக்கு எளிதில் கிடைக்காது, ஆனால் நம்மைப் பதம் பார்க்கும். கும்மியின் நடுவே ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு இரண்டு நிமிடம் ஓடியிருந்தால், உங்கள் வீடியோவின் வருமானம் பாட்டு நிறுவனத்துக்குத் திரும்பக்கூடும். அந்த உரிமைகோரல் (கிளெய்ம்) தவறு என்றால் மறுக்கலாம். மறுப்புக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு. பாட்டு உண்மையாகவே அவர்களுடையது என்றால் அந்தப் பகுதியின் ஒலியை நீக்கிவிட்டுப் போவதே மேல்.

5. பேஸ்புக், இன்ஸ்டாகிராம்

பதிவின்மேல் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி 'ரிப்போர்ட்' செய்வது போதாது. அது ஆபாசம், வன்முறை போன்ற பொதுப் புகார்களுக்குப் போகும் பாதை. உதவி மையத்தில் இருக்கும் பதிப்புரிமைப் படிவத்தைத் தேடி நிரப்புங்கள். பக்கத்தின் இணைப்பைக் கொடுத்து 'இதில் எல்லாமே திருட்டு' என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு பதிவின் இணைப்பும் தனித்தனியாக வேண்டும். புகார் எண் மின்னஞ்சலில் வரும், அதை வைத்துத்தான் தொடர வேண்டும்.

6. டெலிகிராம், வாட்ஸ்அப்

கோபியில் போட்டித் தேர்வு வகுப்பு நடத்தும் என் நண்பரின் குறிப்புகள் முழுதும் டெலிகிராம் சேனல் ஒன்றில் இலவசமாகக் கிடந்தன. டெலிகிராம் பொதுச் சேனல், பாட் (தானாகப் பதில் தரும் கணக்கு), ஸ்டிக்கர் தொகுப்பு ஆகியவற்றின்மேல் மட்டுமே பதிப்புரிமைப் புகாரை எடுத்துக்கொள்ளும். தனிப்பட்ட குழுவுக்குள் நடப்பதில் தலையிடாது. அதன் கேள்வி-பதில் பக்கத்தில் இருக்கும் புகார் மின்னஞ்சலுக்கு, ஒவ்வொரு கோப்பின் இணைப்பையும் கொடுத்து எழுத வேண்டும். சேனல் முடங்கும். சில நாளில் பெயரின் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டு மறுபடி முளைக்கும். பழைய புகாரின் நகலில் இணைப்பை மட்டும் மாற்றி மீண்டும் அனுப்புங்கள்.

பின்னால் இருப்பவர் யார் என்பது தெரிந்தாக வேண்டும் என்றால் நீதிமன்றம்தான் வழி. பயிற்சி ஆசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கில், திருட்டுப் பாடங்களைப் பரப்பிய சேனல்களின் விவரத்தைத் தெரிவிக்கும்படி 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. ஆசிரியர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. அங்கே முன்னெச்சரிக்கைதான் பயன்படும். பிடிஎஃப் விற்கும்போது, வாங்கியவரின் பெயரையும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் ஒவ்வொரு பக்கத்திலும் மங்கலாக அச்சிட்டுக் கொடுங்கள். எவர் கையில் இருந்து கசிந்தது என்பது தெரிந்துபோகும் என்றால் பெரும்பாலோர் பகிர யோசிப்பார்கள்.

7. தனி இணையதளமும் கூகுளும்

தளத்தில் இருந்து நீக்குவதும் தேடலில் இருந்து நீக்குவதும் இரு வேறு காரியங்கள். கூகுளின் சட்டப் புகார் படிவத்தில் கொடுத்தால் தேடல் முடிவில் வராது. கோப்பு தளத்திலேயே இருக்கும். தேடலில் வராத திருட்டுத் தளத்துக்குக் கூட்டம் குறையும் என்பதால் இதுவும் செய்ய வேண்டியதே. கூகுளுக்குப் போகும் புகாரின் நகல் லூமன் என்ற பொதுத் தரவகத்தில் வெளியாகலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கோப்பையே நீக்க, அந்தத் தளம் எந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது என்று, தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூ-இஸ் தேடலில் பாருங்கள். கிளவுட்ஃப்ளேர் என்று காட்டினால் அது பெரும்பாலும் நடுவில் நிற்கும் காவல்காரர்தான். அதன் படிவத்தில் புகார் கொடுத்தால், உண்மையான சர்வர் நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கும். அமெரிக்க நிறுவனம் என்றால் டிஎம்சிஏ என்ற 1998ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் கேட்கும் விவரங்கள் எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும்: எந்தப் படைப்பு, எங்கே இருக்கிறது, உங்கள் தொடர்பு விவரம், அனுமதியின்றிப் பயன்படுத்தியிருப்பதாக நல்லெண்ணத்துடன் நம்புகிறேன் என்ற வரி, விவரங்கள் சரியானவை என்ற உறுதி, கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் பதில் வராது.

சினிமா எடுப்பவர்களுக்குத் தனிவழி இருக்கிறது. 2023இல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டபின், தணிக்கை வாரியத்திலும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திலும் திருட்டுப் படங்களைத் தடுக்கத் தொடர்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் உத்தரவிட்டால் தளங்கள் 48 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும்.

8. '36 மணி நேரத்தில் நீக்க வேண்டும்' என்று மிரட்டுமுன்

சில ஆலோசகர்கள் எடுத்த எடுப்பிலேயே இந்தியச் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பச் சொல்வார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் 2013ஆம் ஆண்டு விதிகளில் 75ஆவது விதியும் அந்த வழியைக் கொடுக்கின்றன. புகார் கிடைத்து, திருட்டுதான் என்று திருப்தி அடைந்தால், கோப்பைச் சேமித்து வைத்திருப்பவர் 36 மணி நேரத்துக்குள் யாரும் அதைத் திறக்க முடியாதபடி தடுக்க வேண்டும். ஆனால் அதே விதியின் அடுத்த பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏற்றியவர்மீது வழக்குப் போட்டு, 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவேன் என்று நீங்கள் அந்த நோட்டீசிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் அவர்கள் வீடியோவை மறுபடி திறந்துவிடலாம். அதற்குப்பின், அதே இடத்தில் இருக்கும் அதே படைப்பைப் பற்றி நீங்கள் அனுப்பும் புகாருக்குப் பதில் சொல்லவும் அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. வழக்குக்குத் தயாராக இல்லாதவர்கள் இந்த வழியில் காலை வைக்கக் கூடாது. தளத்தின் சொந்தப் படிவமே முதல் வழி.

தளம் பதிலே சொல்லாவிட்டால், அதன் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை தர வேண்டும். அவருடைய முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

9. மறுதரப்பு எதிர் அறிவிப்பு கொடுத்தால்

'இது என்னுடைய வீடியோதான்' என்று அவர் யூடியூபில் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். உங்களுக்கு மின்னஞ்சல் வரும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். அமெரிக்க வேலைநாள் கணக்கில் 10 நாளுக்குள், வழக்குத் தொடுத்ததற்கான ஆதாரத்தைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். நம் ஊர் நோன்பி விடுமுறைக்காக அந்தக் கணக்கு நிற்காது. வழக்குக்காகச் சென்னைக்கோ டெல்லிக்கோ ஓட வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி, உரிமையாளர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். ஏற்றியவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் ஈரோட்டில் குடியிருந்தால் ஈரோட்டிலேயே போடலாம்.

காவல் நிலையமும் ஒரு வழி. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'இதெல்லாம் சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், அந்தத் தீர்ப்பின் நகலைப் புகாருடன் இணைத்துக் கொடுங்கள்.

10. செய்யக் கூடாதவை

உங்கள் வீடியோவை விமர்சிப்பதற்காக யாரோ இருபது வினாடி எடுத்துக் காட்டியிருந்தால், பதிப்புரிமைப் புகாரை ஆயுதமாக்காதீர்கள். விமர்சனத்துக்கும் செய்திக்கும் நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆதாரமின்றி வழக்கு மிரட்டல் விடுத்தால், அதே சட்டத்தின் 60ஆவது பிரிவின்படி மறுதரப்பு உங்கள்மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். உங்கள் முகம் இருக்கும் படத்தை வேறொருவர் எடுத்திருந்தால் அது பதிப்புரிமை விவகாரம் அல்ல, தனியுரிமைப் புகார்.

'ஒரு லிங்க்குக்கு இவ்வளவு, நாங்களே நீக்கித் தருகிறோம்' என்று வரும் தரகர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவர்கள் நிரப்புவதும் நீங்கள் இலவசமாக நிரப்பக்கூடிய அதே படிவத்தைத்தான். வக்கீல் கட்டணம் நீதிமன்றக் கட்டத்தில்தான் தேவைப்படும்.

11. சமாதானத்துக்கு வந்தால்

ஸ்ட்ரைக் விழுந்தவுடன் பலர் தாமாகவே அழைப்பார்கள். நேற்றுவரை எடுக்காத தொலைபேசி அது! வீடியோவை அழித்துவிட்டால் ஸ்ட்ரைக் போய்விடும் என்று அவர்கள் நம்புவார்கள். போகாது. நீங்கள் கோரிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், அல்லது 90 நாள் முடிய வேண்டும். திரும்பப் பெற்றால் வீடியோ அவர் சேனலில் மீண்டும் தோன்றிவிடலாம் என்பதால், தோன்றிய உடனே நிரந்தரமாக அழிப்பதாகவும் உங்கள் வேறு எந்தப் பதிவையும் ஏற்றமாட்டேன் என்றும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். நஷ்டஈடாகப் பணம் தந்தால் வங்கி வழியாக வாங்கி, எந்த வீடியோவுக்காக என்று ரசீதில் குறியுங்கள். இவை கைக்கு வந்தபின் ஸ்டூடியோவில் அதே கோரிக்கையைத் திறந்து வாபஸ் கொடுத்தால் போதும்.